மங்கல் கோடு

அடுப்படி மேடையில் அரிசி டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே அந்த வெள்ளை அட்டையை வைத்து, அதன்மேல் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடினாள் அறிவுச்செல்வி. மூடும்படி யாரும் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் இதே மேடையில், இதே தட்டுக்கு அடியில், இந்த மாதிரி அட்டையை எத்தனை தடவை வைத்திருப்பாள்! அதெல்லாம் பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிற அட்டை. பார்த்துக்கொண்டே நின்றால் கோடு வெட்கப்பட்டுக்கொண்டு வராமலே போய்விடும் என்று அவளாக ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். மூடி வைத்து மட்டும் என்ன வாழ்ந்தது, ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு வைத்திருப்பது கொரோனா அட்டை. இதில் இரண்டாவது கோடு வரக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒற்றைக் கோட்டுக்காக மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள்.

செல்போனில் கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு முகம் கழுவினாள். தொண்டை கரகரத்தது. நேற்று சாயங்காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் வெங்காயப் பேட்டையில் வேலை பார்க்கிறவளுக்குத் தொண்டை கரகரப்பதெல்லாம் ஒரு சேதியா? கமிஷன் கடையில் சின்ன வெங்காயத்தைத் தரம் பிரிக்கிற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் பொழுதன்னைக்கும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும், சருகுத் தூசி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊர் உலகமே தும்மலுக்கு நடுங்கிக் கிடந்த காலத்தில்கூடப் பேட்டையில் தும்மினால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தத் தை மாதத்தில் ஒமிக்ரான் என்று புதிதாக ஒன்று வந்து ஆளாளுக்குச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தபோதும் அவள் பயப்படவில்லை. தம்பி ஆல்வின் போன் பண்ணிச் சொன்னதால் மட்டும்தான் இந்த அட்டை.

"அக்கா, தப்பா எடுத்துக்கிறாத. பிள்ளையத் தொடுற ஆளுக எல்லாரும் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் தொடணும்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இம்புட்டுக்காணு உசுரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து இப்பத்தான வெளிய வந்திருக்கு."

"இதுல தப்பா எடுக்க என்னடா இருக்கு? நூறு டெஸ்டு எடுக்கச் சொன்னாலும் எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

எடுக்க மாட்டாளா பின்னே? போகாமல் இருக்க முடியுமா? ஆல்வினின் பெண்டாட்டி வினோலியாவுக்கு மாசம் நிறையும் முன்னாலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் பிள்ளை. பிறந்த பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுச் சீனித்தண்ணியைத் தொட்டு வைப்பார்கள், அதற்குச் சேனை வைக்கிறது என்று பெயர். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு எண்ணம். அடம் பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து, 'ஒனக்குச் சேனை வச்சது எவடி' என்று ஊரில் கேட்பது அதனால்தான். இந்தப் பிள்ளை அந்தக் கொடுப்பினை இல்லாமல் பிறந்த கையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து இப்போதுதான் ஆத்தூருக்கு, வினோலியாவின் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறது. தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, உள்ளே போக வேண்டாம், உதட்டில் பேருக்கு ஒரு பொட்டு ஈரம், அது போதும் என்று வீட்டில் முடிவு பண்ணினார்கள். அதை யார் வைப்பது என்பதில்தான் வந்தது சண்டை.

வினோலியா மாசமாக இருக்கும்போதே சொல்லிவிட்டாள், மதினிதான் வைக்க வேண்டுமென்று. அவளுடைய அம்மா மரியபுஷ்பத்துக்கு அது பிடிக்கவில்லை. மரியபுஷ்பம் கெட்டவள் என்று சொல்ல முடியாது, ஆனால் சிலது மனசில் ஊறிப்போயிருக்கிறதே. வளைகாப்பு அன்றைக்குப் பொம்பளைகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். அறிவுச்செல்வியின் முறை வருகிற நேரத்தில் மரியபுஷ்பம் அவள் காதோரம் குனிந்து, "காப்பி ஆறிப்போகுது, போயி எல்லாருக்கும் குடு தாயி" என்றாள். அறிவுச்செல்வி எழுந்து போய்க் காப்பி கொடுத்தாள். திரும்பி வந்தபோது சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டிப் போயிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"எம் பிள்ளைக்கு மதினி கொணம்தான் வரணும், நீ சும்மா இரும்மா" என்று வினோலியா தன் அம்மாவிடம் சண்டை பிடித்ததை ஆல்வின் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து அறிவுச்செல்வி வெங்காயம் பிரித்துக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு, "எனக்கும் ஒரு கொணம் இருக்காம்டி" என்றாள்.

அட்டையை ஷாஹினாவின் மெடிக்கலில்தான் வாங்கினாள். பேகம்பூர் போகிற ரோட்டில் இருக்கிற அந்தக் கடைக்குப் பதினோரு வருசமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அந்தப் பழைய அட்டைகளை எல்லாம் கேட்காமலே பேப்பரில் சுற்றிக் கொடுத்தவள் ஷாஹினாதான். நேற்று பெட்டியைப் பிரித்துக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இந்தக் குச்சிய ரெண்டு மூக்குலயும் விட்டு நல்லாச் சுத்தி எடுங்கக்கா. எடுத்து இந்தத் தண்ணிக்குள்ள போட்டுப் பிழியணும். இது சோப்புத்தண்ணி மாதிரி. கிருமி இருந்தா ஒடைச்சு விட்டுரும். அப்பறம் இந்தக் குழியில சொட்டு விட்டா, தண்ணி தாளுல ஊறி இப்பிடியே மேல ஏறும். இந்த டி-ங்கிற எடத்துல கிருமியோட துண்டு துணுக்கைப் பிடிச்சு வைக்கிற மருந்து தடவியிருக்கு. பிடிச்சுச்சுன்னா அந்த எடத்துல சாயம் சேந்து கோடா நிக்கும். இந்த சி இருக்கே, அது தண்ணி ஒழுங்கா ஏறி வந்துச்சான்னு சொல்றதுக்கு. அது வரலைன்னா அட்டையே செல்லாது. கால் மணி நேரத்துல பாத்துருங்க. ரொம்ப நேரம் காய விட்டுட்டுப் பாத்து, அப்ப ஏதாச்சும் கோடு தெரிஞ்சா அதுக்கு மதிப்பு இல்ல. இதும் அந்த..."

அதற்குமேல் சொல்லவில்லை. 'இதும் அந்த அட்டை மாதிரிதான்' என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அறிவுச்செல்விதான் முதலில் சிரித்தாள்.

"அட போம்மா. கோடு பாக்க எனக்கா சொல்லித் தரப்போற?"

ஷாஹினாவும் சங்கடத்தோடு சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தாள். சொல்ல வேண்டிய கடைசி வார்த்தை ஒன்று அந்தச் சங்கடத்தில் நின்றுபோனது.

அலாரம் அடித்தது. தட்டைத் தூக்கினாள். சி-க்கு நேராகக் கோடு சிவப்பாக, திடமாக நின்றது. டி-க்கு நேராக ஒன்றுமில்லை. நல்ல காலம் என்று மூச்சு விட்டவள், பழக்கதோசத்தில் அட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது. ஈரத்துணியில் குங்குமம் பட்டுத் துவைத்த பிறகு தெரிகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று ஒரு மங்கல் கோடு.

அவள் பதறவில்லை. மங்கல் கோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? கல்யாணமான மூன்றாம் வருசம் இந்த மாதிரிதான் ஒரு கோடு வந்தது. மேடையை விட்டு ஓடி, வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த புருசன் சவரிமுத்துவின் ஈரக்கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். மனுசன் அன்றைக்கே கடைவீதிக்குப் போய், பிள்ளைக்குப் பாலூட்டுகிற வெள்ளிச் சங்கு ஒன்று வாங்கி வந்துவிட்டான். பேட்டையில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மதுரையில் பார்த்த டாக்டரம்மா, "அட்டை காஞ்சா அப்படி ஒரு நெழல் தெரியும்மா. மங்கலாத் தெரியிறத எல்லாம் கோடுன்னு நம்பாதீங்க" என்றார். ஜாங்கிரி தின்றவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? அழுது தீர்த்துவிட்டு அன்றைக்கு ஒரு முடிவெடுத்தாள், இனி மங்கல் கோட்டைக் கோடாக மதிக்கவே கூடாதென்று. அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அப்படி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், 'போ, நீ பொய்' என்று சொல்லிக் குப்பையில் போட்டாள். பொய்யாகவேதான் இருந்தது. அந்தப் பாடத்தை அவள் சும்மா படிக்கவில்லை.

"போ, நீ பொய்" என்று இந்த அட்டையிடமும் சொன்னாள்.

ஆனால் இதைக் குப்பையில் போடவில்லை. ஆத்தூரில் யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பையில் வைத்தாள். பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்த வெள்ளிச் சங்கை எடுத்தாள். கறுத்துப்போயிருந்தது. விபூதி போட்டுத் தேய்த்தால் வெள்ளி பளிச்சென்று ஆகும் என்று பேட்டையில் யாரோ சொன்னது நினைவு வந்து, பக்கத்து வீட்டு மூக்காயியிடம் ஒரு பிடி வாங்கித் தேய்த்தாள். அரக்குக் கலர் சேலை கட்டினாள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, கண் சிரிப்பது மாஸ்க்குக்கு மேலேயும் தெரிந்தது.

"அட்டை என்ன சொல்லுது?" என்றான் சவரிமுத்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"ஒண்ணுமில்லைங்குது."

போகிற வழியில் பிள்ளைக்கு டயப்பர் வாங்க ஷாஹினா கடையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கும்போதே கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கடையின் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். பரீட்சையில் பாஸான பிள்ளை மார்க்கைக் காட்டுகிற மாதிரி.

ஷாஹினா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"அக்கா, டி-ல கோடு இருக்கே."

"அது கோடா? வெறும் மங்கலு."

"இதுல மங்கலு, அழுத்தம்னு கணக்கு இல்லக்கா. நேரத்துக்குள்ள வந்துச்சுன்னா எம்புட்டு மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான். கிருமி கம்மியா இருந்தா கோடும் மங்கலாத்தான் வரும். நாளைக்குப் பாத்தா ரத்தச் செவப்பா நிக்கும்." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. "நேத்தே இதை நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேனே, அல்லாவே..."

அறிவுச்செல்வி அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

ஷாஹினா மறுபடி அட்டையைப் பார்த்தாள். "ஒருவேளை காஞ்ச பெறகு வந்த கோடாவும் இருக்கலாம். இப்பப் பாத்து எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. நீங்கதான் சொல்லணும். கால் மணி நேரத்துல பாக்கும்போதே இருந்துச்சா, இல்ல இப்ப வழியிலதான் வந்துச்சா?"

ரோட்டில் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரைக்கும் அறிவுச்செல்விக்கு நேரம் கிடைத்தது.

"இப்பத்தான் வந்துச்சு" என்றாள். "பாக்கும்போது இல்ல."

ஷாஹினா அவள் கண்ணைப் பார்த்தாள். "அப்பச் சரி" என்று மெதுவாகச் சொன்னாள். "இருந்தாலும் இன்னொண்ணு தாரேன், எடுத்துப் பாத்துருங்களேன்."

"நேரமாயிருச்சு ஷாஹினா. பிள்ளைய முழிக்க வச்சுக் காத்துக்கிட்டிருப்பாங்க."

அட்டையைப் பிடுங்குகிற மாதிரி எடுத்துக்கொண்டு, டயப்பர்கூட வாங்காமல் வந்து வண்டியில் ஏறினாள். சவரிமுத்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஓட்டினான். செம்பட்டியும் தாண்டியாயிற்று. தோட்டங்களில் தென்னை வரிசை ஓடிற்று. மலை கிட்டே வந்துகொண்டிருந்தது. என்ன இப்போது, ஒரு பொட்டு ஈரம்தானே, தூரத்தில் நின்று கையை நீட்டி வைத்துவிட்டு வந்துவிடலாம், மாஸ்க் இருக்கிறது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. இன்றைக்கு விட்டால் மரியபுஷ்பம் வைத்துவிடுவாள். அல்லது அவள் தங்கச்சியைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வாள். சேனை ஒருதடவைதான். அந்தப் பிள்ளை வளர்ந்து யாரிடமாவது சிரித்துப் பேசினால், விட்டுக்கொடுத்துப் போனால், 'அத்தைகாரி மாதிரி' என்று ஒருத்தர் சொல்ல மாட்டார்களா? அதற்குமேல் அவளுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கோடே, எத்தனை வருசம் உன்னைக் கெஞ்சியிருப்பேன், அப்போதெல்லாம் பொய்யாக வந்துவிட்டு இன்றைக்கு மட்டும் நிஜமாக வருவாயா என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

அந்தக் கோடு எப்போது வந்தது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆத்தூரில் வண்டி நின்ற சத்தம் கேட்டதுமே மரியபுஷ்பம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஆல்வினும் பின்னாலேயே வந்து தயங்கிக்கொண்டு நின்றான். வினோலியா நிலைப்படியில் பூத்துவாலைப் பொதியோடு நின்றாள். துவாலைக்கு உள்ளிருந்து ஒரு முஷ்டி மட்டும் வெளியே தெரிந்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும்.

"அக்கா, டெஸ்டு..." என்று ஆரம்பித்தான் ஆல்வின்.

"சும்மா இருங்க. பாக்காமயா மதினி வருவாங்க?" என்று வினோலியா அவனை அடக்கினாள்.

மரியபுஷ்பம் கேட் வரைக்கும் வந்தாள். "வா தாயி. ஒனக்காகத்தான் பிள்ளையத் தூங்க விடாம வச்சிருக்கோம்." குரலைத் தாழ்த்தினாள். "நான் அன்னைக்கு அப்பிடி நடந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில பிள்ள கெடந்தப்ப, வேலைய முடிச்சுட்டுத் தினைக்கும் பஸ் ஏறி வந்து வெறுந்தரையில ஒக்காந்து கெடந்தவ நீ. எந் தங்கச்சி ஒரு நா எட்டிப் பாக்கல. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். மனசுல வச்சுக்கிறாத. ஒங் கையாலயே வையி."

அவளே கேட்டின் தாழ்ப்பாளைத் திறக்கக் கையை நீட்டினாள்.

"தொறக்காதீங்க அத்தை" என்றாள் அறிவுச்செல்வி.

தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தொண்டை கரகரத்தது. இது வெங்காயச் சருகு இல்லை என்று நேற்றிலிருந்தே தெரியும் போல இருந்தது.

"ரெண்டு கோடு வந்திருக்கு."

இந்த வார்த்தையை எத்தனை வருசம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும்போது, யாரிடம் முதலில் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்றெல்லாம். சொல்லி முடித்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனவள், நினைவு வந்து பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

மரியபுஷ்பத்தின் கை தாழ்ப்பாளிலிருந்து தானாக விலகியது. "வினோலியா, பிள்ளையோட உள்ள போ" என்றாள். வினோலியா போகவில்லை. "மதினி..." என்றாள். "போடின்னா" என்று அம்மா கத்தியபிறகுதான் போனாள். கதவு சாத்திக்கொண்டது. சவரிமுத்து வண்டியிலிருந்து ஒன்றும் புரியாமல் இறங்கிவந்தான். "ஒண்ணுமில்லைன்னியே?" என்றான்.

கைப்பையிலிருந்து வெள்ளிச் சங்கை எடுத்து வாசல் கேட் தூணின்மேல் வைத்தாள். "இதைத் தண்ணியில போட்டு நல்லாக் கொதிக்க வைங்க அத்தை. வெறுங்கையால எடுக்காதீங்க. பிள்ளைக்குன்னு வாங்குனது." கொஞ்சம் நிறுத்தி, "நேரம் தப்பிரும். யாராச்சும் வச்சிருங்க" என்றாள்.

சங்கைப் பார்த்ததும் சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் வண்டியில் போய் உட்கார்ந்து ஷாஹினாவுக்குப் போன் போட்டாள். "ஷாஹினா, பொய் சொல்லிட்டேன். அலாரம் அடிச்சப்பவே இருந்துச்சு. நீ கடையில தள்ளித்தான் நின்ன, இருந்தாலும் ஒடம்பைப் பாத்துக்க" என்றாள். "தெரியும்க்கா" என்றாள் ஷாஹினா. "போன் வரும்னும் தெரியும்."

சவரிமுத்து வண்டியைக் கிளப்பவில்லை. அவளும் கிளப்பச் சொல்லவில்லை. மரியபுஷ்பம் அடுப்படியிலிருந்து இடுக்கியோடு வந்து, தூணிலிருந்த சங்கைக் கவ்வி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படி ஜன்னல் ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணி கொதிக்கிற சத்தமும், பாத்திரத்துக்குள் சங்கு தட்டுகிற சத்தமும் கேட்டது. உள்ளே பிள்ளை அழுதது. பூனைக்குட்டி மாதிரிச் சன்னமான அழுகை. யாரோ சமாதானம் பண்ணினார்கள். யார் குரல் என்று தெரியவில்லை.

அடுப்பை அணைத்தார்கள். அறிவுச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சங்கைப் பிள்ளையிடம் கொண்டுபோவார்கள் என்று நினைத்தாள். மரியபுஷ்பம் இடுக்கியால் சங்கைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வெள்ளைத்துணியை விரித்து, வெயில் விழுகிற இடத்தில், குழி மேலே பார்க்கும்படி வைத்தாள். சேனைக்குக் கரைக்க எடுத்து வைத்திருந்த சீனிக்கிண்ணத்தை மூடித் திரும்ப அலமாரியில் வைத்தாள். வண்டிப் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு, சங்கை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.